திருநாவுக்கரசும் அரசுவும்

சென்ற கிழமை எமக்கு ஒரு கடிதம் கிடைத்தது. கோடிட்ட தாளில், நீல மையில், கையால் எழுதப்பெற்ற கடிதம். இக்காலத்தில் இப்படியொன்று வருவது அரிது என்பதனால் இரண்டு முறை படித்தோம். எழுதியவர் பாரிஸ் நகரின் புறத்தே வாழும் ஒரு முதியவர். அகதியாக இந்நாட்டுக்கு வந்து முப்பது ஆண்டுகளைக் கடந்துவிட்டார். அவருடைய ஒரே மகள் அவரோடு வரவில்லை. ஊரிலே பேர்த்தியாருடன் வளர்ந்து, அங்கேயே மணமுடித்து, இப்போது கணவரோடு சார்ஜாவில் இருக்கிறார். அவருக்குப் பிள்ளைப்பேறு நெருங்கியிருக்கிறது.

பிறக்கப்போகும் பிள்ளைக்குத் தம் தகப்பனாரின் பெயராகிய திருநாவுக்கரசு என்பதை இடவேண்டும் என்பது முதியவரின் நெடுநாள் விருப்பம். மகளும் மருமகனும் அதை மறுக்கவில்லை. ஆனால் பத்திரங்களில் 'அரசு' என்று மட்டும் எழுதுவோம், முழுப் பெயரையும் அரபுநாட்டு எழுதுவினைஞர்களிடம் கொடுத்து அல்லற்பட எம்மால் முடியாது என்கிறார்கள். இதன்பொருட்டுத் தொலைபேசியில் வாக்குவாதமாகி, மூன்று கிழமைகளாகத் தந்தையும் மகளும் கதைப்பதில்லை. "மாஸ்ரர், நீங்கள் படிப்பித்தவர். ஒரு முடிவு சொல்லுங்கோ" என்று கடிதம் முடிகிறது.

(குடும்பத்தின் அடையாளம் வெளிப்படாதிருக்கும்பொருட்டு, கடிதத்திலுள்ள பெயரை விட்டு, அதே நீளமும் அதே சைவ மணமும் உடைய இன்னொரு பெயரை இங்கே இட்டிருக்கிறோம்.)

பெயரில் என்ன இருக்கிறது, இதற்காக மூன்று கிழமை மௌனமா என்று சில வாசகர் நினைக்கக்கூடும். அகதியாக ஒரு நாட்டின் வாசலில் நின்றவர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். இங்கே பிரான்சில் அகதி நிலை பெற்றோருக்குப் பிறப்புப் பத்திரத்தையே புதிதாக எழுதிக் கொடுப்பது ஒவ்ப்ரா எனும் அரசாங்கக் காரியாலயம். அங்கே நேர்காணலில் நாம் சொன்ன பெயரே, சொன்ன எழுத்துக்கூட்டிலேயே, எம்மைத் தொடர்ந்து வருகிறது. அன்று பயத்திலும் களைப்பிலும் முன்பின்னாகச் சொல்லிவிட்டு, இன்றுவரை தகப்பனின் பெயரால் அழைக்கப்படுகிறவர்கள் எமது வாசகர்களுள் எத்தனை பேர்!

சார்ஜாவில் பிறக்கும் பிள்ளைக்கு இன்னொரு புதுமையும் உண்டு. அந்நாட்டுப் பிறப்புப் பத்திரத்தில் அதன் பெயர் அரபு எழுத்தில் ஏறும். அதன் பின்னரே பெற்றோர் இலங்கைத் தூதரகத்துக்குச் சென்று பதிவு செய்து, கடவுச்சீட்டுக்கு விண்ணப்பிப்பர். ஆகவே எமது பிள்ளையின் பெயரைத் தமிழில் எவரேனும் எழுதுமுன்னரே வலமிருந்து இடமாக எழுதிவிடுகிறார்கள். அந்த ஒரு தாளில் நேரும் பிழை பின்வரும் தாள்கள் எல்லாவற்றுக்கும் பிதுரார்ச்சிதமாகிவிடும்.

முதலில் முதியவரின் பக்கத்தைப் பார்ப்போம். திருநாவுக்கரசு என்ற பெயரே பெயர்மாற்றங்களின் வரலாறு. பெரிய புராணம் சொல்லும் வரலாற்றின்படி அந்த அடியாருக்குப் பெற்றோர் இட்ட பெயர் மருணீக்கியார். சமண சமயத்தைச் சார்ந்திருந்த காலத்தில் தருமசேனர். மீண்டு வந்து பதிகம் பாடியபின் நாவுக்கரசர். வயதில் மிக இளையவரான ஞானசம்பந்தர் அவரை அப்பரே என்று அழைத்ததனால் அப்பர். நாலு பெயர்களுள் நீண்டது சிறப்புப் பெயராக நிற்க, மிகக் குறுகியது உறவுப் பெயராக ஊர் வாயில் நின்றுவிட்டது. இன்றும் எமது பிள்ளைகள் அப்பர் தேவாரம் என்றே சொல்லிப் படிக்கிறார்கள். அதனால் நாவுக்கரசர் என்ற பெயருக்கு யாதொரு குறையும் வரவில்லை.

பெயரைக் குறுக்குவது புதிய காலத்தின் சோம்பல் என்று முதியவர் தம் கடிதத்தில் ஓரிடத்தில் கடிந்திருக்கிறார். அதை நாம் ஏற்பதற்கில்லை. தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில், புள்ளிமயங்கியலில், ஆதன் என்ற பெயரோடு தந்தை என்ற சொல் சேர்ந்தால் ஆந்தை என்றும், பூதன் என்பதோடு சேர்ந்தால் பூந்தை என்றும் குறுகி வருதற்கு விதி செய்திருக்கிறார். கோப்பெருஞ்சோழனின் நண்பராகிய பிசிராந்தையாரின் பெயர் இவ்வாறு வந்ததே என்பர். பிசிர் என்னும் ஊரினராகிய ஆதன் தந்தை. இலக்கணமே வகுத்துக் குறுக்கிய இனம் நாம். அதே இயலில், தந்தையின் பெயரை முன்வைத்து மகனின் பெயரைப் பின்வைக்கும் முறைக்கும் விதி உண்டு. சாத்தனின் மகன் கொற்றன் சாத்தங்கொற்றன் ஆவான் என்று உரையாசிரியர் காட்டுவர். ஆகவே தகப்பன் பெயர் முன்னும் தன் பெயர் பின்னுமாக நாம் எழுதும் வழக்கம் வெள்ளைக்காரனின் முதலெழுத்து வழக்கத்தால் வந்ததன்று.

இதில் வியப்பு என்னவென்றால், நாம் போய் இடர்ப்படும் அந்த வளைகுடா நாட்டவரின் பெயர்முறை ஐரோப்பியருடையதைக் காட்டிலும் எம்முடையதற்கு நெருக்கமானது. ஐக்கிய அரபு இராச்சியத்தின் முதலாவது சனாதிபதியாக 1971 முதல் 2004இல் மறையும்வரை இருந்தவரின் பெயர் சாயித் பின் சுல்தான் அல் நஹ்யான். பின் என்றால் மகன். சுல்தானின் மகன் சாயித், நஹ்யான் குடும்பத்தினர். எமது சாத்தங்கொற்றனைப் பின்னிருந்து முன்னாக வாசித்தால் வருவது இதுதான். ஆதன் தந்தை என்பதற்கு இணையும் அவர்களிடம் உண்டு. தலைமகனின் பெயரோடு 'அபூ' என்ற சொல்லைச் சேர்த்து, இன்னாரின் தந்தை என்று மதிப்போடு அழைப்பார்கள். அபுதாபி என்ற நகரின் பெயருக்கே மானின் தந்தை என்று பொருள் சொல்வர்.

அவர்களுடைய பெயரை நாம் குறுக்கும் இலட்சணத்தையும் சொல்லத்தான் வேண்டும். உடன் வேலை செய்யும் ஒருவரை எம்மவர் வெகு உரிமையோடு 'அப்துல்' என்று கூப்பிடுவதைக் கேட்டிருக்கிறோம். அப்த் என்றால் அடியான். அல் என்பது பின்வரும் சொல்லோடு சேர்ந்தது. அப்துல் கரீம், அப்துல் காதர் என்று இறைவனின் திருநாமம் ஒன்று தொடர்ந்தால்தான் அது பெயர். 'அப்துல்' என்று நிறுத்துவது, சிவதாசன் என்பவரைச் 'சிவதா' என்று கூப்பிட்டு நிறுத்துவது போன்றது. குறுக்குவதிலும் எங்கே வெட்டலாம், எங்கே வெட்டலாகாது என்ற முறை உண்டு.

அப்படியாயின் அங்கே எமக்கு இடர் எங்கிருந்து வருகிறது? பெயர்முறையிலிருந்தன்று, படிவத்திலிருந்து. இன்று உலகெங்கும் வழங்கும் விமானச் சீட்டும் கடவுச்சீட்டும், ஆளுக்கொரு தன்பெயர், குடும்பத்துக்கொரு பொதுப்பெயர் என்ற ஐரோப்பிய வழக்கத்தை வைத்து அச்சிடப்பட்டவை. எமக்குப் பொதுப்பெயர் இல்லை. அதற்குரிய கட்டத்தில் சிலர் தகப்பன் பெயரை இடுவர். சிலர் வெறுமையாக விடுவர்.

வெறுமையாக விட்டவர்கள் 2022 நவம்பரில் பட்ட பாட்டை வாசகர் அறிந்திருப்பர். அம்மாதம் 21ஆம் திகதி முதல், கடவுச்சீட்டில் ஒரே பெயர் மாத்திரம் உள்ளவர்கள் சுற்றுலா, வருகை விசாக்களில் ஐக்கிய அரபு இராச்சியத்துள் ஏற்கப்படமாட்டார்கள் என்று எயர் இந்தியாவும் எயர் இந்தியா எக்ஸ்பிரஸும் பயண முகவர்களுக்கு அறிவித்தன. குடும்பப்பெயர் இல்லாது வாழ்வதே வழக்கமாகவுள்ள தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெருங் கலக்கம் உண்டாயிற்று. சில நாட்களில் ஒரு தளர்வு வந்தது. கடவுச்சீட்டின் இரண்டாவது பக்கத்தில் தகப்பனின் பெயரோ குடும்பப்பெயரோ இருந்தால் போதும் என்றார்கள், அதுவும் அங்கு போய் இறங்கியபின் விசா பெறும் தகுதியுடையோருக்கு. குடியிருப்பு அனுமதி உள்ளவர்களை இவ்விதி கட்டாது, ஆனால் முற்பெயருக்கும் குடும்பப்பெயருக்கும் உரிய இரண்டு கட்டங்களிலும் அதே பெயரையே இட்டுப் பதிவைச் சரிசெய்திருக்க வேண்டும் என்றார்கள். குமரன் என்பவர் குமரன் குமரன் ஆகவேண்டும்! அமெரிக்காவில் இதைவிட விசித்திரம். ஒற்றைப் பெயருடையவரின் விசாவில் முற்பெயர் தெரியாது என்பதற்கு அடையாளமாக எப்.என்.யு. என்று மூன்று ஆங்கில எழுத்துகளை அச்சிடுவார்கள். அதையே அவருடைய பெயர் என்று எண்ணி, மிஸ்ரர் பினு என்று அழைப்பாரும் உண்டு.

இவ்வகை விதிகள் மாறிக்கொண்டே இருப்பவை. ஆகவே ஊரிலுள்ள தாய் தகப்பனை டுபாயில் சந்திக்க ஒழுங்கு செய்வோர் விமானச் சீட்டுக்குக் காசு கட்டுமுன் அவர்களுடைய கடவுச்சீட்டின் பெயர்க் கட்டங்கள் இரண்டையும் படமெடுத்து அனுப்பச் சொல்லி, விமான நிறுவனத்திடமே கேட்டறிந்து கொள்ளுங்கள்.

இனி மகளின் பக்கம். நீண்ட பெயர் அல்லற்படுத்தும் என்று அவர் சொல்வது வெறும் சாட்டு அன்று. கடவுச்சீட்டில் புகைப்படமுள்ள பக்கத்தின் அடியில், இயந்திரம் வாசிப்பதற்கென இரண்டு வரிகள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 44 இடங்கள். மேல்வரியில் பெயருக்கு ஒதுக்கப்பட்டவை 39. திருநாவுக்கரசு ஆங்கிலத்தில் 16 எழுத்துகள். தகப்பனின் பெயர் சிவசுப்பிரமணியம் என்று வைத்துக்கொண்டால் அது 15. இரண்டுக்கும் நடுவே குறிகளுக்கு 2 இடம். ஆக 33. தப்பித்தது. மூன்றாவதாக ஒரு பெயரைச் சேர்த்தாலோ இயந்திரம் கத்தரித்துவிடும்.

அரபு எழுத்தின் தொல்லை வேறு. எமது ழகரமும் ளகரமும் லகரமும் அங்கே ஒன்று. மூன்று நகரங்களும் ஒன்று. 'பழம்' என்று சொல்லும்போது வரும் பகர ஒலி அரபில் இல்லை. 'அன்பு' என்பதில் வரும் மெல்லிய ஒலியே உண்டு. பரமேஸ்வரன் அவ்வொலியோடுதான் பத்திரத்தில் ஏறுவார். வகர ஒலிக்கும் நேர் எழுத்து இல்லாமையால் சிவா என்பவர் சீஃபா ஆகிறார். அதையே சைஃபா என்றும் படிக்க இடமுண்டு. சைஃப் என்றால் வாள். குறில்களை எழுதும் வழக்கமும் இல்லை. பிறநாட்டுப் பெயராயின் குறிலை நெடிலாக்கி எழுதிவிடுவார்கள். பாலசுப்பிரமணியம் அங்கே போய்ப் பாலாசூப்ராமானியாம் என்று இழுபட்டுத் திரும்பி வருவார். நாலெழுத்துப் பெயரில் பிழை நேர்வதற்கு நாலிடம், பதினாறெழுத்துப் பெயரில் பதினாறிடம் என்பது மருமகனின் கணக்கு. அவர் கணக்காளர்.

கட்டட வேலைத்தளங்களில் எவரும் இப்பெயர்களை உச்சரிக்க முயல்வதுமில்லை. 'ரஃபீக்' என்று ஒரே விளிதான். தோழன் என்பது பொருள். நல்ல சொல்லே. ஆனால் நூறு பேரை நிரையாக நிறுத்தி அத்தனை பேரையும் தோழன் என்று அழைக்கும்போது அங்கே பெயர் என்று ஒன்று இல்லை, நீண்டதுமில்லை, குறுகியதுமில்லை.

சார்ஜா என்றதும் எமக்கு நினைவு வருவது வேறொன்று. அங்குள்ள மைதானத்தில் 2000 ஒக்ரோபர் 27ஆம் திகதி முத்தையா முரளிதரன் இந்தியாவுக்கு எதிராக 30 ஓட்டங்களுக்கு 7 இலக்குகளை வீழ்த்தினார். இரண்டு நாள் கழித்து இறுதி ஆட்டத்தில் இந்தியா 54 ஓட்டங்களுக்குச் சுருண்டபோது 14 ஓட்டங்களுக்கு 5 இலக்குகளை எடுத்தவர் சமிந்த வாஸ். அவரது முழுப் பெயர் வர்ணகுலசூரிய பட்டபெந்திகே உஷாந்த ஜோசப் சமிந்த வாஸ். எந்த ஓட்டப் பலகை இதைத் தாங்கும்? உலகம் வாஸ் என்ற ஓரசையோடு நிறுத்திக்கொண்டது. முரளிதரனின் கதை இன்னும் சுவையானது. முத்தையா என்பது தகப்பனாரின் பெயர். முன்னே தந்தை, பின்னே மகன். தொல்காப்பியர் விதிப்படியே பந்து வீசியவர். ஆங்கிலத்தில் அவர் பெயரை எப்படி எழுதுவது என்பதில் நெடுநாள் குழப்பம் இருந்து, 2007இல் அவுஸ்திரேலியக் கிரிக்கெட் சபை அவர் பெயரையும் வோர்னின் பெயரையும் சேர்த்துக் கிண்ணம் ஒன்று அமைத்தபோதுதான், அவர் விரும்பும் எழுத்துக்கூட்டு இது என்று வெளிப்படையாக அறிவிக்க நேர்ந்தது. தமிழில் அது ஒரே தகரம். ஆங்கிலத்தில் அதற்கு இரண்டு வேடம். முரளி என்று கூப்பிட்டவர்களுக்கு இந்தத் தொல்லை இருக்கவில்லை.

சிங்கப்பூரைப் பாருங்கள். 1999 முதல் 2011 வரை அங்கே சனாதிபதியாக இருந்த செல்லப்பன் ராமநாதன், தம் பெயரின் வாற்பகுதியை மட்டும் வைத்துக்கொண்டு எஸ்.ஆர். நாதன் ஆனார். 2023இல் அதே பதவிக்குத் தெரிவான, யாழ்ப்பாணத்தை மூதாதையர் ஊராகக் கொண்ட தர்மன் சண்முகரத்தினத்தை அந்நாட்டுப் பத்திரிகைகள் தர்மன் என்றே எழுதுகின்றன; சண்முகரத்தினம் தகப்பனாரின் பெயர் என்பதை அவை அறியும். சிறிய தன்பெயர், நீண்ட தந்தைப் பெயர். இது எமக்குப் பிடித்த ஒழுங்கு. ஏன் பிடித்தது என்பதற்கு, எமது சொந்தக் குற்றம் ஒன்றைச் சொல்லவேண்டும்.

1995 ஒக்ரோபர் 30ஆம் நாள் யாழ்ப்பாணமே எழுந்து நடந்தது. வலிகாமம் முழுவதும் தென்மராட்சியில் வந்து நிறைந்த அந்த மாரிகாலத்தில், ஓலைக் கொட்டில் ஒன்றில் நடந்த வகுப்புக்கு நாம் பொறுப்பாசிரியராக இருந்தோம். பட்டம் பெற்று இரண்டு ஆண்டுகளே ஆன காலம். பிள்ளைகளிடம் பத்திரங்கள் இல்லை. பழைய இடாப்புகள் கைவிட்ட ஊர்களில் கிடந்தன. பெயர் சொல்லச் சொல்லிப் புதிய சேர்விடாப்பு எழுதினோம். ஒரு பெடியன் பாலா என்றான். முழுப்பெயர் என்ன என்று கேட்டிருக்க வேண்டும். பின்னால் அறுபது பிள்ளைகள் நனைந்தபடி நின்றார்கள். பாலா என்றே எழுதினோம்.

அந்தச் சொல் இடாப்பிலிருந்து விடுகைப் பத்திரத்துக்குப் போனது. விடுகைப் பத்திரத்திலிருந்து க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை விண்ணப்பத்துக்குப் போனது. 2007இல் அவன் அபுதாபியில் ஒரு நிறுவனத்தில் களஞ்சியப் பொறுப்பாளர் வேலைக்குத் தெரிவானபோது, பிறப்புப் பத்திரத்தின்படி எடுத்த கடவுச்சீட்டில் பாலசுப்பிரமணியம் என்றும், பரீட்சைச் சான்றிதழில் பாலா என்றும் இருந்தது. சான்றிதழ் உன்னுடையதன்று என்றார்கள். போன கடனைக் கட்டவேண்டுமே! அதே நிறுவனத்தில் கம்பி கட்டும் வேலைக்கு இறங்கினான். ஊரில் தாய் பத்திரங்களுக்கு அலைந்தார். 2006 ஓகஸ்டில் ஏ-9 பாதை மூடப்பட்டிருந்தது. கொழும்புக்கு ஒரு கடதாசி அனுப்புவதென்றாலே மாதக்கணக்கு. சமாதான நீதவான் முன் சத்தியக் கடதாசி முடித்து, பாடசாலைக் கடிதம் பெற்று, எல்லாம் கொழும்பில் அத்தாட்சியாகி அவன் கைக்குப் போய்ச்சேர ஒரு வருடமும் மூன்று மாதமும் சென்றன. அதற்குள் களஞ்சியத்துக்கு வேறொருவர் வந்துவிட்டார்.

அக்காலத்தில் நாமும் அகதியாகி இங்கே இருந்தோம். எப்படியோ எமது தொலைபேசி இலக்கத்தைத் தேடிப் பிடித்து எடுத்தான். இந்த இடாப்பை எழுதியவர் நானே, இந்தப் பிழை என்னுடையதே என்று ஒரு கடிதம் எழுதி ஒப்பமிட்டு அனுப்பினோம். ஆசிரியத் தொழிலில் நாம் எழுதியவற்றுள் அதைப்போல் கைநடுங்கி எழுதியது வேறில்லை. "அது பரவாயில்லை சேர், மழைக்குள்ள என்ன செய்யிறது" என்றான். அவன் அப்படிச் சொல்லியிராவிட்டால் இன்னும் இலேசாக இருந்திருக்கும்.

இப்பத்தியை எழுதுமுன் அவனிடமே கேட்டோம். இன்னும் வளைகுடாவிலேதான் இருக்கிறான். களஞ்சியமும் பின்னர் கிடைத்தது. நீளப் பெயர் நல்லதா, சின்னப் பெயர் நல்லதா என்று கேட்டதற்கு, "நீளம் கட்டை ஒண்டுமில்லை சேர். ரண்டு இருக்கக்கூடாது, அவ்வளவுதான்" என்றான். மூத்த மகளுக்கு மூன்றெழுத்தில் பெயரிட்டு, குடும்பப்பெயர்க் கட்டத்தில் தன் முழுப் பெயரை ஓரெழுத்தும் குறையாமல் எழுதியிருக்கிறான். "என்னை வாழ்க்கையில ஒருத்தரும் பாலசுப்பிரமணியம் எண்டு கூப்பிட்டதில்லை. இப்ப பள்ளிக்கூடத்தில அவளைத்தான் மிஸ் பாலசுப்பிரமணியம் எண்டு கூப்பிடுகினம்" என்று சிரித்தான்.

பெண் பிள்ளைகளின் பெயர்பற்றி ஒரு வார்த்தை. கலியாணம் ஆனதும் தகப்பன் பெயரை எடுத்துவிட்டுக் கணவன் பெயரைப் போடுவதை எம்மவர் கடமையாகக் கொண்டுள்ளனர். சான்றிதழ்களோ தகப்பன் பெயரில் இருக்கும். அரபுப் பெண்கள் மணமானபின்னும் தகப்பன் பெயரை மாற்றுவதில்லை. சார்ஜாவுக்கோ தோகாவுக்கோ வேலைக்குப் போக எண்ணும் மணமான பெண்கள் அவர்களைப் பின்பற்றுவதே புத்தி.

இனி முதியவருக்கு. ஐயா, உங்கள் மகள் சொல்வதுபோல 'அரசு' என்று எழுதித் தகப்பனின் பெயரையும் சேர்த்தால் சட்டத்துக்குப் போதும். இரண்டு கட்டமும் நிறைந்துவிடும். ஆகவே விதியைக் காட்டி அவர்களைப் பயமுறுத்தாதீர்கள். ஆயினும் எமது விருப்பம் உங்கள் பக்கமே. பத்திரத்தில் திருநாவுக்கரசு என்று இருந்தால், வீட்டில் அரசு என்றும், விளையாட்டுத் திடலில் திரு என்றும், பிற்காலத்தில் அவனுக்கு இசைந்தபடி வேறெப்படியும் குறுக்கலாம். அதற்கு எவரிடமும் கேட்கவேண்டியதில்லை. அரசு என்று எழுதியதைப் பின்னர் நீட்டுவதற்கோ, சத்தியக் கடதாசியும் கந்தோர் கந்தோராக அலைச்சலும் வேண்டும். அன்றியும், அரசுகளால் துரத்தப்பட்டே முப்பது வருடத்தைக் கழித்த ஒரு குடும்பத்தில், ஒரு குழந்தையை அரசு என்று மட்டும் பதிவது எமக்குச் சற்றே உறுத்துகிறது. இது எமது தனிப்பட்ட கிறுக்கு.

மகளுக்கு நீங்கள் விட்டுக்கொடுக்க வேண்டியதும் ஒன்று உண்டு. ஆங்கில எழுத்துக்கூட்டை அவர்கள் தீர்மானிக்கட்டும். உங்கள் தகப்பனார் கச்சேரியில் எப்படிக் கையொப்பமிட்டார் என்ற பழங்கதை வேண்டாம். அவர்கள் ஒரு துண்டில் அதைப் பெரிய எழுத்தில் எழுதி, அதன் கீழே அரபு தெரிந்த ஒருவரைக்கொண்டு அரபிலும் எழுதுவித்து, பிள்ளைப்பேற்றுக்குப் போகும்போது கைப்பையில் கொண்டுபோகட்டும். பிறப்புப் பத்திரத்தைக் கையில் வாங்கியவுடன், அந்த இடத்தை விட்டு அகலுமுன், எழுத்து எழுத்தாக ஒப்புநோக்கட்டும். தூதரகத்திலும் அதே துண்டைக் காட்டட்டும். முடிவில் பெயரிடும் உரிமை தாய்தகப்பனுடையது. அவர்கள் அரசு என்றே இட்டாலும் நீங்கள் கூப்பிடும்போது திருநாவுக்கரசு என்று கூப்பிடுவதை எந்தக் குடிவரவு அதிகாரியும் தடுக்கப்போவதில்லை. முதலில் மகளுக்குத் தொலைபேசி எடுங்கள்.

இவ்வளவும் எழுதி முடித்துக் கடிதத்தை மூன்றாம் முறை படித்தபோது ஒன்று கண்ணிற் பட்டது. பிறக்கப்போவது பெண் பிள்ளையானால் என்ன பெயர் என்று அதில் ஒரு சொல்லும் இல்லை. கேட்டு எழுதியிருக்கிறோம்.